உங்களுக்குத் தெரியுமா? மும்பையில் வேர்விட்ட மாத்திரை
கர்ப்பிணிகள் போடும் ஃபோலிக் அமில மாத்திரையின் கதை மும்பையில் தொடங்கியது. 1928-இல் இங்கு வந்த மருத்துவர் லூசி வில்ஸ், ஏழைக் கர்ப்பிணிகளை வாட்டிய ஒருவகை ரத்தசோகை ஈஸ்ட் சாற்றால் தீர்வதைக் கண்டு, 1931-இல் வெளியிட்டார். அந்தச் சாற்றில் இருந்த சத்துதான் ஃபோலேட் என்பது பின்னர் தெரிந்தது.

இன்று இரும்புச்சத்தும் சேர்ந்த அந்த மாத்திரை அரசு மருத்துவமனைகளில் இலவசம். நான்காம் மாதம் முதல் தினம் ஒன்று, 180 நாள். ஆனாலும் 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, நாட்டில் அத்தனை நாளும் போட்டவர்கள் 26 சதவீதமே. குமட்டல், கறுத்த மலத்தைக் கண்ட பயம், பிரசவத்துக்கு ஊருக்குப் போகும் அவசரத்தில் விட்டுப்போன மாத்திரை அட்டை... தாராவியில் பொதுக் கழிப்பறை வரிசையில் நிற்பவளுக்கு இந்த மாத்திரையால் வரும் மலச்சிக்கல் சின்னத் தொல்லையா? மலம் கறுப்பது இயல்புதான் என்று அவளிடம் முன்பே சொல்லிவிடுங்கள். ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு போட்டால் குமட்டல் குறையும். டீயோடு மட்டும் வேண்டாம். இரும்பு உடம்பில் சேர்வதை அது தடுக்கும்.