மாங்குளத்திற் கண்ட புதிய சிலந்தியினம்

2009 ஆம் ஆண்டில் வடமாகாணத்து மாங்குளத்திற் கிராமவாசிகள் பெரிய சிலந்தியொன்றைக் கொன்று, அதன் உடலைச் சிலந்தியாராய்ச்சியாளரிடம் காட்டினர். கால்களை விரித்தால் அது எட்டங்குலம் வரை, அதாவது ஏறக்குறைய ஒரு சாப்பாட்டுக் கோப்பையின் அகலம் வரை வரும். புலிமுகச் சிலந்தியென மக்கள் அஞ்சும் கூட்டத்தைச் சேர்ந்ததேயாயினும், அதன் கால்களின் அடிப்புறக் கோலம் முன்னர் அறியப்பட்டவற்றினின்றும் வேறுபட்டிருந்தது.

இதனைப் புதிய இனமென்று துணிதற்கு ஆராய்ச்சியாளர் இறந்த ஆணொன்றோடு நின்றுவிடவில்லை. பெண்ணையும் குஞ்சுகளையும் தேடிப்பிடித்து, அறிந்த இனங்களோடு ஒப்பிட்டனர். அவ்வாறு தேடி ஒப்பிட்டபின், 2012 இல் 'பீசிலோதீரியா ராஜேயி' என்னும் பெயருடன் இது விபரிக்கப்பட்டது. தேடுதலில் உடன்சென்று உதவிய பொலிசு அதிகாரியொருவரின் பெயரே இதற்கு இடப்பட்டது. முதலாம், நான்காம் சோடிக் கால்களின் அடியில் மஞ்சளும் சாம்பலும் கலந்த கோலமும், வயிற்றிற் குறுக்காக ஓடும் இளஞ்சிவப்புப் பட்டையும் இதன் அடையாளங்களாம்.

இது பயிரை உண்பதன்று. முதிர்ந்த மரங்களின் பொந்துகளிலும் பட்டைக்கடியிலும் பகலில் ஒதுங்கி, இரவிற் பூச்சி முதலியவற்றை வேட்டையாடும். பொந்துள்ள பழமரங்கள் தறிக்கப்படுமிடத்து இதற்குப் புகலிடம் குறையும். மாங்குளத்திற் பழைய வைத்தியசாலைக் கட்டடத்துள்ளும் இது காணப்பட்டமைக்கு மரங்கள் குறைந்தமையே காரணமென ஆராய்ச்சியாளர் கருதினர். முதிர்ந்த ஆண் பெண்ணைத் தேடி அலைவதனாலும் வீட்டுச் சுவரிற் கண்ணுக்குத் தென்படுவதுண்டு. ஆகவே, புதுக்காணி வெட்டும் கமக்காரர், பயிருக்கு இடையூறில்லாத எல்லையோரப் பழமரங்களையேனும் விட்டுவைத்தல் நன்று.

வயலில் தத்திகளை அழிப்பது இப்பெருஞ்சிலந்தியன்று என்பதையும் சொல்லவேண்டும். அவ்வேலையைச் செய்வது நெல்லடியில் வலை பின்னாது நிலத்திலும் நீர்மேலும் ஓடித்திரியும் சிறிய ஓநாய்ச் சிலந்தியாகும். முட்டைப்பையைப் பின்புறத்தில் ஒட்டிச் சுமந்து, பொரித்த குஞ்சுகளை முதுகிலேற்றித் திரிவதால் அதை எளிதில் அறியலாம். கபிலநிறத் தத்தியைப் பிடித்துண்ணும் இதனைத் தேவையற்ற வேளையிற் தெளிக்கும் பூச்சிநாசினி கொன்றுவிடும். பின்னர் தத்தி முன்னையினும் பெருகக்கூடும். நாசினி தெளிக்குமுன் தூரைப் பிரித்துத் தத்தியையும் சிலந்தியையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

பெருஞ்சிலந்தியைக் கையாற் பிடித்தலாகாது. அது வலியச் சென்று கடிப்பதன்று. எனினும் நெருக்கினாற் கடிக்கும். கடித்தால் கடும்வலியும் வீக்கமும் தசைப்பிடிப்பும் உண்டாகும். தாமதியாது ஆசுப்பத்திரிக்குச் செல்லவேண்டும். வீட்டினுட் புகுந்ததைக் கொல்லாமல், வாயகன்ற போத்தலொன்றாற் கவிழ்த்து மூடி, அடியில் தடித்த கடதாசியைச் செருகி, அண்மையிலுள்ள முதிர்ந்த மரத்தடியில் விடலாம். இக்கூட்டத்துச் சிலந்திகளின் சருவதேச வாணிபம் 2019 இல் உடன்படிக்கை மூலம் கட்டுப்படுத்தப்பட்டது. ஆகையால் அந்நியர் எவரேனும் விலைக்குக் கேட்பின் பிடித்துக் கொடாது, வனசீவராசிகள் அலுவலகத்துக்கு அறிவித்தல் வேண்டும்.