கிழக்கே பார்த்த கம்பிகள்

சென்ட்ரலில் அரக்கோணம் வண்டி ஏறி, ஆவடி, பட்டாபிராம், நெமிலிச்சேரி எல்லாம் தாண்டினால் திருநின்றவூர். பூசலார் நாயனார் மனத்துக்குள்ளேயே கோவில் கட்டி முடித்த ஊர். கல்லும் சுண்ணாம்பும் இல்லாமல் அவருக்கு அது சாத்தியமாயிற்று. நமக்கோ, சென்னையிலிருந்து வரும் படத்தைப் பார்க்க அலுமினியக் கம்பி வேண்டியிருந்தது!

1975 ஆகஸ்டு 15ஆம் தேதி சென்னைத் தொலைக்காட்சி ஒளிபரப்பைத் தொடங்கியது. இத்தகைய ரயிலடி ஊர்களின் ரேடியோக் கடைகளுக்குப் புதுச் சரக்கு ஒன்று வந்து சேர்ந்தது. அதுதான் ஆன்டெனா. பார்வைக்கு மீன் முள். பின்னால் இருக்கும் நீளக் கம்பி அலையை முன்னே தள்ளும். நடுவிலுள்ள வளையம் பிடித்துக்கொள்ளும். முன்னால் உள்ள குட்டைக் கம்பிகள் வழிகாட்டும். கோபுரத்துக்குத் தூரம் கூடக் கூடக் கம்பியும் கூட வேண்டும். அதோடு பூஸ்டரும் வேண்டும்.

கடைக்காரர் விற்றது கம்பியை மட்டுமா? திசையையும் சேர்த்துத்தான் விற்றார். திருநின்றவூர்க்காரருக்குச் சென்னை கிழக்கே. அவர் மாடியில் நின்று குழாயைத் திருக, கூடத்திலிருந்து அம்மா, "இன்னும் கொஞ்சம்... ஐயையோ, போச்சு!" என்று குரல் கொடுக்க, வெள்ளிக்கிழமை 'ஒளியும் ஒலியும்' தொடங்குமுன் காரியம் முடிய வேண்டும். மறுநாள் காகம் உட்கார்ந்து கம்பி திரும்பிவிட்டால், மறுபடியும் அவரைத்தான் கூப்பிட வேண்டும். 1982இல் வண்ணம் வந்தது. பெட்டி மாறியதே தவிர, கம்பி மாறவில்லை.

பிறகுதான் சோதனை. 1993 ஏப்ரலில் சன் டிவி வந்தது. தெருவுக்குத் தெரு கேபிள் ஒயர் ஓடிற்று. மொட்டைமாடிக் கம்பிகள் வடகம் உலர்த்தும் கொடிக்குத் துணையாயின. கடையில் தேங்கிய ஆன்டெனாக்களை எடைக்குப் போட வேண்டியதுதான். சாமர்த்தியசாலிகள் கேபிள்காரர்களுக்கே ஒயர், ஆம்ப்ளிஃபையர், ஒரு கம்பியை நாலாகப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டர் என்று விற்க ஆரம்பித்தார்கள். தன் வியாபாரத்தைக் கெடுத்தவனையே வாடிக்கைக்காரனாக்கிக் கொள்வது லேசுப்பட்ட காரியமல்ல!

2003 செப்டம்பரில், சென்னை நகரில் கட்டணச் சேனல் பார்க்கப் பெட்டி வேண்டும் என்று சட்டம் வந்தது. அடுத்த சில ஆண்டுகளில் வீட்டுக்கு வீடு டி.டி.எச். தட்டு. இரண்டடி அகலத்துக்குள் அடங்கும் இந்தத் தட்டு, 36,000 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும் செயற்கைக்கோளைப் பார்க்கிறது. சன் டைரக்ட் தட்டு நம் பக்கம் பார்ப்பது தென்கிழக்கு, அதாவது நீங்கள் அடுப்பு வைக்கும் அக்கினி மூலை! கம்பி திருகிப் பழகிய கைக்கு மறுபடியும் வேலை கிடைத்தது.

அந்தக் கையின் அருமை 2010 ஜூலையில் தெரிந்தது. இன்சாட்-4பி செயற்கைக்கோளில் மின்சாரக் கோளாறு. பாதிக்குப் பாதி அலைவரிசைக் கருவிகளை நிறுத்த வேண்டியதாயிற்று. சன் டைரக்ட் ஒளிபரப்பு 93.5 டிகிரியிலிருந்து 91.5 டிகிரியில் இருந்த மீசாட்-3க்குப் போயிற்று. வானத்தில் இரண்டு டிகிரி என்றால், தட்டின் விளிம்பில் ஏறக்குறைய ஒரு விரற்கடை. ஆனால் அந்த ஒரு விரற்கடைக்காக ஆள் வந்து மாடி ஏற வேண்டும். அதுவரை சீரியல் இல்லை!

2017இல் அரசு கேபிளே பெட்டியை இலவசமாகக் கொடுக்கத் தொடங்கியது. பெட்டி விற்று லாபம் பார்த்தவர்களுக்கு அது பெரிய அடிதான். 2022க்குள் தூர்தர்ஷனின் பழைய முறைத் தரைவழி ஒளிபரப்பும் ஏறக்குறைய முழுவதும் நின்றுபோயிற்று. கிழக்கே பார்த்த கம்பிகளுக்குப் பார்க்க ஒன்றுமில்லை.

இப்போதோ படம் இன்டர்நெட் வழியாக வருகிறது. அதற்குத் திசையே கிடையாது. இந்தத் தொழிலில் தாக்குப்பிடிப்பவர்களுக்குச் சுவரில் டிவியை மாட்டும் சட்டம், எச்.டி.எம்.ஐ. ஒயர், ரிமோட் ஆகியவைதான் சரக்கு. அதைவிட ஜாஸ்தி வேலை டெலிபோனில்: "தம்பி, பேரன் எதையோ அமுக்கிட்டான், படமே வரலை. கொஞ்சம் வந்துட்டுப் போயேன்!"