எழுபது வளைவுகளும் ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் காரும்

கொல்லிமலைக்குப் புதிதாக வண்டி ஓட்டிப் போகிறவர்கள் ஏறும்போதுதான் பயப்படுகிறார்கள். காரவள்ளி அடிவாரத்தில் தொடங்கிச் சோளக்காடு வரை 70 கொண்டை ஊசி வளைவுகள். என்ஜின் இழுக்குமா, சூடாகி நின்றுவிடுமா என்று கவலை. ஆனால் பழைய காரின் யோக்கியதையைக் காட்டுவது ஏற்றமல்ல, இறக்கம். ஒரு டன் எடையுள்ள கார் ஏறக்குறைய 1,000 மீட்டர் உயரத்திலிருந்து இறங்கும்போது வெளியாகும் ஆற்றலைக் கணக்குப் போட்டுப் பார்த்தால், சுமார் 30 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமான சூடு வருகிறது. அதில் பெரும்பங்கை என்ஜின் வாங்கிக்கொள்ளாவிட்டால், நான்கு சக்கரங்களின் பிரேக்குகள்தான் வாங்கியாக வேண்டும்.

பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல மெல்ல உறிஞ்சிக்கொள்ளும். தர விதிகளின்படி புதிய டாட் 3 ஆயில் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது. ஈரம் ஏறியபின் அந்த வரம்பு 140 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. டாட் 4 ஆயிலுக்கு இது 230, 155. கொதித்தால் குழாய்க்குள் ஆவிக் குமிழ்கள் உண்டாகும். திரவம் அமுங்காது, ஆவி அமுங்கும். பெடல் பஞ்சில் கால் வைத்ததுபோல் தரைவரை போகும், வண்டி நிற்காது. சேலத்திலும் சென்னையிலும் மாதக்கணக்கில் ஒழுங்காகப் பிடித்த பிரேக், பாதி மலை இறங்குவதற்குள் கைவிடுவது இப்படித்தான். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பிரேக் ஆயிலை முழுவதுமாக மாற்றிவிட்டால் இந்த ஆபத்து பெருமளவு குறையும். பெரிய செலவு எதுவும் இல்லை.

நாமக்கல் லாரிக்காரர்கள் பல தலைமுறையாகச் சொல்லும் பாடம் இங்கே அப்படியே பொருந்தும்: ஏறின கியரிலேயே இறங்கு. நியூட்ரலில் விட்டு இறங்கினால் பெட்ரோல் மிச்சம் என்று நினைப்பவர்கள் அந்த மிச்சத்தைப் பிரேக்கிலிருந்து எடுக்கிறார்கள். என்ஜினையே அணைத்துவிட்டால் இன்னும் மோசம். பூஸ்டர் உள்ள காரில் இரண்டு மூன்று மிதிக்குப் பிறகு உதவி தீர்ந்துபோய், பெடல் கல்லாக இறுகிவிடும்.

இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. வெளியூர்க்காரருக்கு இந்த மலைப்பாதை ஒரு ஞாயிற்றுக்கிழமை உல்லாசம். மேலே எடப்புளி நாட்டிலும் மற்ற நாடுகளிலும் (மலையின் உட்பிரிவுகளுக்கு இங்கே ‘நாடு’ என்று பெயர்) வாழும் மலையாளிப் பழங்குடி மக்களுக்கோ அன்றாடப் பாதை. மிளகும் பலாவும் அன்னாசியும் இறங்குவது இதில், பிரசவ வலி கண்டவரை ஏற்றிய 108 ஆம்புலன்ஸ் இறங்குவதும் இதில். வளைவின் நடுவே ஒரு கார் நின்றாலே பேருந்து திரும்ப முடியாது. பிரேக் பிடிக்காத கார் வந்தால் சொல்லவே வேண்டாம். பழைய ஸ்போர்ட்ஸ் காரின் கோளாறு அதன் சொந்தக்காரரின் சொந்த விஷயம் மட்டுமல்ல என்பதை இந்த மலையில் நின்று பார்த்தால் யாருக்கும் புரியும்.

இந்தியாவில் பழைய ஸ்போர்ட்ஸ் கார் என்றால் அதிகம் தேட வேண்டியதில்லை. கோவாவில் சான் மோட்டார்ஸ் 1998-ல் கொண்டுவந்த சான் ஸ்டார்ம் நினைவுக்கு வரும். இரண்டு பேர் மட்டும் உட்காரும் கார், ஃபைபர் உடல், ரெனோவின் 1,149 சிசி என்ஜின். அதற்கு முன்னால் சென்னையை அடுத்த வண்டலூரில் ஸ்டாண்டர்ட் மோட்டார் நிறுவனம் 1961 முதல் தயாரித்த ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் இருக்கிறது. அது குடும்பக் கார்தான். ஆனால் பிரிட்டனில் அதே ஹெரால்டின் உறுப்புகளைக் கொண்டுதான் 1962-ல் ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் கார் பிறந்தது. அதன் குணங்களும் குறைகளும் நம் ஊர் ஹெரால்டுக்கும் உண்டு.

அவற்றில் இரண்டு குறைகள் கொல்லிமலைக்காகவே செய்துவைத்தவைபோல் இருக்கும். முன்சக்கரத்தைத் தாங்கித் திருப்பும் இடத்தில் ட்ரன்னியன் என்ற வெண்கலத் திருகு மூட்டு ஒன்று உண்டு. அதற்கு ஊற்ற வேண்டியது கியர் ஆயில். பல பட்டறைகளில் பழக்கதோஷத்தில் கிரீஸ் அடித்துவிடுவார்கள். கிரீஸ் உள்ளே சரியாகப் பரவாது, ஈரம் புகுந்து துரு பிடிக்கும். கடைசியில் தண்டு முறிந்து சக்கரம் மடங்கிவிடும். அது பெரும்பாலும் ஸ்டியரிங்கை முழுவதும் ஒடிக்கும்போது நடக்கும். 70 முறை முழுவதும் ஒடிக்க வேண்டிய பாதையில் இதன் பொருள் என்னவென்று விளக்கத் தேவையில்லை.

இரண்டாவது, பின்பக்க ஸ்விங் ஆக்ஸில். வளைவுக்குள் வேகமாக நுழைந்து, பயந்துபோய் சட்டென்று ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், பின்பகுதி மேலே எழும்பி வெளிப்பக்கச் சக்கரம் உள்ளே மடிந்து, வண்டி வால் சுழற்றும். அமெரிக்காவில் செவர்லே கோர்வேர் காரின் இதே அமைப்பை எதிர்த்துத்தான் நுகர்வோர் உரிமைக்காகப் போராடிய ரால்ஃப் நாடர் 1965-ல் எழுதினார். வாகனப் பாதுகாப்புச் சட்டம் அங்கே அடுத்த ஆண்டே வந்தது. இங்கே ஹெரால்டுக்குப் பின் 1972-ல் வந்த கேஸல் காரில் இந்த ஆக்ஸிலைக் கைவிட்டார்கள். ஹெரால்டோ ஸ்பிட்ஃபயரோ வைத்திருப்பவர் செய்யக்கூடியது, வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட்டு, சீரான இழுவையில் வளைந்து வெளியேறுவது.

ஏற்றத்தில் வரும் கோளாறுகள் உயிரைவிடப் பொறுமையைத்தான் அதிகம் சோதிக்கும். இரண்டாம் கியரில் மெதுவாக ஏறும்போது ரேடியேட்டருக்குள் காற்று போதாது. விசிறி வேலை செய்கிறதா, தெர்மோஸ்டாட் திறக்கிறதா, கூலண்டுக்குப் பதில் குழாய்த் தண்ணீர் ஊற்றி உள்ளே உப்புப் படிந்திருக்கிறதா என்பதை அடிவாரத்துக்கு வருமுன்பே பார்த்துவிட வேண்டும். சூட்டோடு ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. கார்புரேட்டர் கார்களில் இன்னொன்று: பெட்ரோல் பம்பு சூடேறி, உள்ளே பெட்ரோல் ஆவியாகி, வண்டி திணறி நின்றுவிடும். பானட்டைத் திறந்து, பம்பின் மேல் ஈரத்துணி போட்டுக் கால்மணி நேரம் காத்திருந்தால் பெரும்பாலும் தானாகக் கிளம்பும். செல்ஃப் அடித்து அடித்து பேட்டரியைக் காலி செய்வது வீண்.

பெட்ரோலே இப்போது மாறிவிட்டது. 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் 2023-ல் அறிமுகமாகி இப்போது நாடெங்கும் பெட்ரோல் பங்குகளில் கிடைக்கிறது. பழைய கார்களில் ரப்பர் உறுப்புகளையும் கேஸ்கெட்டுகளையும் மாற்ற வேண்டிவரலாம் என்பதை அரசே ஒப்புக்கொண்டிருக்கிறது. எத்தனால் இல்லாத பெட்ரோலையும் பங்குகளில் வைக்கக் கோரிய பொதுநல மனுவை உச்ச நீதிமன்றம் 2025 செப்டம்பரில் தள்ளுபடி செய்தது. ஆகவே தற்காப்பு சொந்தக்காரர் கையில்தான்: எத்தனால் தாங்கும் குழாய்களை மாற்றுவது, பானட்டைத் திறந்ததும் பெட்ரோல் வாடை வந்தால் வண்டியை எடுக்காமலிருப்பது. ஃபியூஸ் அடிக்கடி போகிறதென்று தடித்த கம்பியைச் சுற்றி வைத்த காரும், கசியும் பெட்ரோல் குழாயும் சேர்ந்தால் தீ. ஃபைபர் உடல் கார்களில் எர்த் இணைப்புக்குத் தனி வயர் வேண்டும். அந்த முனை துருப்பிடித்தால் விளக்கு மங்கும், விசிறி திணறும். பாகங்களை மாற்றும் முன் முதலில் அந்த முனையைச் சுரண்டிப் பார்க்கலாம்.

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2316 என்றால் 2016-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் தயாரானது. பட்டன் தேயாமல் அழகாக இருக்கும் பத்து வயது டயர்தான் பழைய ஸ்போர்ட்ஸ் கார்களில் அதிகம் ஏமாற்றுவது. ஷெட்டிலேயே நின்று ரப்பர் இறுகிப்போயிருக்கும்.

இதையெல்லாம் விருப்பம்போல் செய்யலாம், விட்டுவிடலாம் என்று சட்டம் சொல்லவில்லை. கோளாறு இருப்பது தெரிந்தோ, சாதாரணக் கவனத்தோடு பார்த்திருந்தால் தெரிந்திருக்கும் நிலையிலோ வண்டியைச் சாலைக்குக் கொண்டுவந்தால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 190-ஆவது பிரிவின்படி 1,500 ரூபாய் வரை அபராதம். அந்தக் கோளாறால் விபத்து நடந்து யாருக்காவது காயமோ சேதமோ ஏற்பட்டால் மூன்று மாதம் வரை சிறையும் உண்டு. ‘சாதாரணக் கவனம்’ என்ற சொல்தான் இதில் உயிர். ‘எனக்குத் தெரியாது’ என்பது பதிலாகாது.

வாங்கும்போதே பலருடைய தொல்லை தொடங்கிவிடுகிறது. தனியாள் இன்னொரு தனியாளுக்கு விற்கும் பழைய காருக்கு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் துணைக்கு வராது. 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம்தான். அதில் ஒரு கசப்பான விதி: விற்பவர் குறையைச் சொல்லாமல் வாய்மூடியிருப்பது மட்டுமே பொதுவாக மோசடி ஆகாது. கேட்ட கேள்விக்குப் பொய் சொன்னால் அது மோசடி. ஆகவே கேள்விகளை எழுத்தில் கேட்க வேண்டும். விபத்தில் சிக்கியதா, என்ஜின் மாற்றியதா, ஆர்.சி.யில் கடன் பதிவு இருக்கிறதா? வாட்ஸாப்பில் வந்த பதிலை அழிக்காமல் வைத்திருப்பது நல்ல சாட்சி. மெக்கானிக்கைக் கூட்டிப்போய்ப் பார்க்க வாய்ப்பிருந்தும் பார்க்காமல் வாங்கியவருக்குச் சட்டம் அதிகம் இரங்காது.

பழைய கார் வியாபாரியிடம் வாங்கினால் நிலைமை வேறு. 2023 ஏப்ரல் முதல் அவர்கள் போக்குவரத்துத் துறையின் அங்கீகாரச் சான்று பெற்றிருக்க வேண்டும். விற்பனைக்காகத் தங்களிடம் வந்த வண்டிக்கு அவர்களே உரிமையாளராகக் கருதப்படுவார்கள். குறையை மறைத்து விற்றால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். பட்டறை செய்த அரைகுறை வேலைக்கும் இதே வழிதான். பில் தர மறுப்பதே நேர்மையற்ற வணிக முறை என்று 2019-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. செய்த வேலையின் பட்டியலையும் மாற்றிய பழைய பாகங்களையும் கேட்டு வாங்குவதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. புகாரை இரண்டு ஆண்டுக்குள் கொடுக்க வேண்டும். 5 லட்ச ரூபாய் வரை கட்டணம் கிடையாது. சென்னையில் வாங்கிய காருக்கும் கொல்லிமலைக்காரர் நாமக்கல் மாவட்ட ஆணையத்திலேயே வழக்குப் போடலாம், ஏனெனில் புகார்தாரர் குடியிருக்கும் இடத்தில் வழக்குத் தொடுக்கச் சட்டம் இடம் தருகிறது. முதலில் 1915 என்ற தேசிய உதவி எண்ணில் பேசிப் பார்க்கலாம்.

விற்றவருக்கும் ஓர் எச்சரிக்கை. வெற்றுப் படிவத்தில் கையெழுத்துப் போட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள் ஏராளம். பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் உரிமையாளர், விபத்து இழப்பீட்டுக்கும் அவரே பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018-ல் நவீன் குமார் வழக்கில் தீர்ப்பளித்தது. படிவம் 29, 30 இரண்டும் ஆர்.டி.ஓ. அலுவலகம் சேர்ந்து, பெயர் மாறியதைப் பரிவாகன் தளத்தில் கண்ணால் பார்க்கும்வரை பொறுப்பு தீராது.

பதிவுக்கு ஆயுள் 15 ஆண்டு. அதன்பின் சோதனைக்குக் காட்டிப் புதுப்பிக்க வேண்டும். 20 ஆண்டைத் தாண்டிய காருக்குக் கட்டணம் 2025 ஆகஸ்டு முதல் 10,000 ரூபாய், இறக்குமதியானதற்கு 80,000. 50 ஆண்டு கடந்த, மாற்றியமைக்கப்படாத கார்களுக்கு ‘விண்டேஜ்’ பதிவு 2021-ல் வந்தது; ஆனால் அந்த எண் பலகையோடு அன்றாடம் ஓட்ட முடியாது. சைலன்சரைக் கழற்றி உறுமவிட்டு மலையேறுகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது: இரைச்சல் விதியை மீறினால் 10,000 ரூபாய் வரை அபராதமும், மூன்று மாதம் ஓட்டுநர் உரிமத் தடையும் உண்டு.

காப்பீட்டில் ஒரு நல்ல வழி இருக்கிறது. ஐந்து வயதைத் தாண்டிய காரின் மதிப்பை நிறுவனமும் உரிமையாளரும் பேசி முடிவு செய்துகொள்ளலாம். செலவழித்துப் புதுப்பித்த காருக்குப் பில்களைக் காட்டிக் கேட்க வேண்டும். தேய்மானமும் இயந்திரக் கோளாறும் எந்தச் சாதாரணப் பாலிசியிலும் வராது. நியாயமான கோரிக்கையை மறுத்தால் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் செலவில்லாமல் முறையிடலாம். 50 லட்சம் ரூபாய் வரை அவர் விசாரிப்பார்.

கடைசியாக, எதிரே வருகிறவரின் உரிமை. குறுகலான மலைப்பாதையில் ஏறும் வண்டிக்குத்தான் முன்னுரிமை என்கிறது 2017-ஆம் ஆண்டின் ஓட்டுநர் ஒழுங்குமுறை. இறங்கும் கார் எவ்வளவு அழகாக இருந்தாலும் ஒதுங்கி நிற்க வேண்டியது அதுதான். மோதி யாராவது அடிபட்டால், முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம்’ திட்டம் இருக்கிறது. இழப்பீட்டு வழக்கைக் கார் பதிவான ஊருக்குப் போய்த்தான் போட வேண்டும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். பெங்களூரு எண் கொண்ட கார் இடித்தாலும், எடப்புளி நாட்டுக்காரர் தான் குடியிருக்கும் பகுதிக்குரிய தீர்ப்பாயத்திலேயே மனுக் கொடுக்கலாம். சட்டத்தில் ஆறு மாதக் கெடு எழுதியிருப்பதால் முதல் தகவல் அறிக்கையின் நகலை வாங்கி, தாமதமில்லாமல் வழக்கறிஞரைப் பார்ப்பது நல்லது. கையில் காசில்லாதவருக்கு மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு வழக்கறிஞர் தரும். பழங்குடியினருக்கு வருமான வரம்பே பார்க்காமல் இலவசம்.

108-க்கு அழைக்கும்போது, வளைவுப் பலகையில் இருக்கும் எண்ணைச் சொன்னால் ஆம்புலன்ஸ் தேடி அலையாமல் நேரே வந்துவிடும்.