சாம்பல் நீரில் ஊறிய அரிசி

விறகுச் சாம்பலைத் தண்ணீரில் கரைத்து, அந்தத் தண்ணீரில் அரிசியை ஊறவைத்து, அரைத்து, நூடுல்ஸ் செய்து கொடுத்தால் சாப்பிடுவீர்களா? வியட்நாமில் ஹோய் ஆன் என்ற ஊருக்குப் போகிறவர்கள் அந்த நூடுல்ஸைத் தேடிப் பிடித்துச் சாப்பிடுகிறார்கள். அதன் பெயர் காவ் லாவ். அந்த ஊரில் மாலை நேரத்தில் வழிகாட்டியோடு தெருத் தெருவாக நடந்து, கடைக்குக் கடை கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிட்டுக்கொண்டே போகும் 'உணவு நடை' உண்டு. இன்று நாமும் அந்த நடையில் சேர்ந்துகொள்வோம். சாப்பிட்டால் மட்டும் போதாது. ஒவ்வொரு கடையிலும் 'ஏன்?' என்று கேட்க வேண்டும். அதுதான் நம் நிபந்தனை.

ஹோய் ஆன், மத்திய வியட்நாமில் து பொன் ஆறு கடலில் சேரும் இடத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. 15ஆம் நூற்றாண்டிலிருந்து 19ஆம் நூற்றாண்டு வரை பெரிய துறைமுகம். சீனர்கள், ஜப்பானியர்கள், போர்ச்சுக்கீசியர்கள், டச்சுக்காரர்கள் எல்லோரும் வந்து வியாபாரம் செய்தார்கள். ஜப்பானியர்கள் கட்டிய கூரை போட்ட பாலம் இன்றும் இருக்கிறது. வியட்நாமின் 20,000 டாங் நோட்டில் அந்தப் பாலத்தின் படத்தைப் பார்க்கலாம். இவர்களுக்கெல்லாம் முன்னால் இங்கே இருந்தவர்கள் சம்பா நாட்டின் சாம் மக்கள். அவர்கள் எழுப்பிய சிவன் கோயில்கள் சுமார் 40 கிலோமீட்டர் தள்ளி மீ சன் என்ற இடத்தில் இருக்கின்றன.

இவ்வளவு பழைய ஊர் எப்படி இடிபடாமல் தப்பியது? ஆற்றில் மணல் சேர்ந்து ஆழம் குறைந்தது. பெரிய கப்பல்கள் டா நாங் துறைமுகத்துக்குப் போய்விட்டன. வியாபாரம் போனதால், பழைய வீட்டை இடித்துப் புதிதாகக் கட்ட யாரிடமும் அவ்வளவு பணமில்லை. ஆறு கொண்டுவந்த மணல்தான் இந்த ஊரைக் காப்பாற்றியது என்று நான் நினைக்கிறேன். 1999இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியக் களமாக அறிவித்தது.

மாலையானதும் பழைய ஊரின் தெருக்களில் பைக்கும் காரும் வரக்கூடாது. மூங்கில் சட்டத்தில் பட்டுத்துணி ஒட்டிய விளக்குகள் வீட்டுக்கு வீடு எரிகின்றன. நம் வழிகாட்டி அக்கா எல்லோரையும் எண்ணிப் பார்த்துவிட்டு முதலில் சொல்வது, "கை கழுவிட்டீங்களா?" என்பதுதான். அடுத்ததாக, கடையை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று சொல்லித் தருகிறார். கூட்டம் இருக்கிறதா, கண்ணெதிரே சுடச்சுடச் செய்து தருகிறார்களா என்று பாருங்கள் என்கிறார். இதற்குள் அறிவியல் இருக்கிறது. 5 டிகிரி செல்சியஸுக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்ட சூட்டில் கிருமிகள் வேகமாகப் பெருகும். உணவின் உட்பகுதி 70 டிகிரியைத் தொட்டால் பெரும்பாலான கிருமிகள் செத்துவிடும். கூட்டமுள்ள கடையில் சமைத்த பண்டம் அந்த ஆபத்தான இடைவெளியில் வெகுநேரம் காத்துக் கிடப்பதில்லை. சைவம் சாப்பிடுகிற பிள்ளைகள் கவலைப்பட வேண்டாம். வியட்நாமில் பௌத்தர்கள் பலர் பௌர்ணமியிலும் அமாவாசையை ஒட்டிய நாளிலும் சைவம்தான் சாப்பிடுவார்கள். 'சாய்' என்று பலகை வைத்த கடையில் கறி, மீன் இருக்காது.

முதல் கடை கரும்புச்சாறு. கரும்பை இயந்திரத்தில் விடும்போது, நெல்லிக்காய் அளவுள்ள புளிப்பான ஒரு பழத்தையும் கூடவே போட்டு நசுக்குகிறார் கடைக்காரர். ருசிக்காக மட்டுமா? கரும்பின் செல்கள் உடைந்ததும் உள்ளேயிருக்கும் நொதிகள் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து சாற்றைக் கறுக்க வைக்கும். வெட்டி வைத்த ஆப்பிள் கறுப்பதும் இதனால்தான். புளிப்புப் பழத்தின் அமிலமும் வைட்டமின் சியும் அந்த நொதிகளின் வேகத்தைக் குறைத்துவிடும். சாறு பொன்னிறம் மாறாமல் இருக்கிறது.

இப்போது காவ் லாவ் கடை. முழங்கால் உயரம்கூட இல்லாத பிளாஸ்டிக் முக்காலியில் உட்காருங்கள். கிண்ணத்தை உற்றுப் பாருங்கள். நூடுல்ஸ் வெள்ளையாக இல்லை, மங்கிய பழுப்பு மஞ்சள். நல்ல தடிமன். மேலே பன்றி இறைச்சித் துண்டுகள், பச்சைக் கீரைகள், சதுரமாகப் பொரித்த மொறுமொறு துண்டுகள். அடியில் குழம்பு இரண்டு மூன்று கரண்டிதான். ஒரு இழையை எடுத்துக் கடித்தால் பல்லுக்கு எதிராக நின்று, பிறகுதான் அறுபடுகிறது.

அரிசி மாவுக்கு இந்த உறுதி எங்கிருந்து வந்தது? கோதுமையில் குளூட்டன் என்ற புரதம் இருக்கிறது. பிசைந்தால் அது இழுபட்டு வலைபோல் பின்னிக்கொள்ளும். அதனால்தான் கோதுமை மாவை இழுத்துப் பரோட்டா வீச முடிகிறது. அரிசியில் குளூட்டன் இல்லை. மாவுச்சத்தை மட்டும் நம்பித்தான் நூடுல்ஸ் செய்ய வேண்டும். இந்த இடத்தில்தான் சாம்பல் வேலை செய்கிறது. ஹோய் ஆனுக்கு எதிரே கடலில் உள்ள சாம் தீவுகளில் வெட்டிய மரத்தை எரித்து, அந்தச் சாம்பலைத் தண்ணீரில் கரைத்துத் தெளியவிடுவது பழைய வழக்கம். மேலே நிற்கும் தெளிந்த நீரில் அரிசியை ஊறவைப்பார்கள்.

மரம் எரியும்போது அதன் கார்பன் புகையாகவும் வாயுவாகவும் போய்விடும். மண்ணிலிருந்து மரம் உறிஞ்சிய தாதுக்கள் சாம்பலில் தங்கும். அவற்றில் தண்ணீரில் எளிதாகக் கரைவது பொட்டாசியம் கார்பனேட். அது ஒரு காரப்பொருள். மிளகாய்க் காரம் இல்லை, அமிலத்துக்கு எதிரான காரம். அமிலமா காரமா என்று அளக்க பி.எச். என்ற அளவுகோல் உண்டு. டென்மார்க்கில் பீர் தயாரிக்கும் ஒரு நிறுவனத்தின் ஆய்வகத்தில் வேலை பார்த்த சோரன்சன் 1909இல் அதை உருவாக்கினார். சுத்தமான தண்ணீர் 7. எலுமிச்சைச் சாறு 2க்குப் பக்கத்தில். சாம்பல் தெளிநீர் 10க்கு மேலே போகும். காரநீர் பட்ட மாவுச்சத்துத் துகள்கள் நன்றாக ஊதி, ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். நம் ஊர் அப்பளத்துக்கு உளுந்து மாவில் அப்பளக் காரம் சேர்க்கிறார்களே, அதுவும் இந்தக் குடும்பத்துப் பொருள்தான்.

அதோடு வேலை முடியவில்லை. மாவை ஆவியில் வேகவைத்து, பிசைந்து, தகடாக்கி, இழையாக வெட்டி, மறுபடியும் ஆவியில் வேகவைக்கிறார்கள். வெந்த மாவுச்சத்தில் அமைலோஸ் என்ற நீண்ட மூலக்கூறுகள் வெளியே வருகின்றன. ஆறும்போது அவை பக்கத்தில் பக்கத்தில் அடுக்கி இறுகிவிடுகின்றன. வேகவைத்து ஆறவைத்து வேகவைப்பதால் இழை கெட்டிப்படுகிறது. மேலே தூவிய மொறுமொறுச் சதுரங்கள் எதனால் செய்தவை தெரியுமா? அதே மாவு! எண்ணெயில் பொரித்ததும் தண்ணீர் ஆவியாகி வெளியேறியது. தண்ணீர் இருந்தால் மெல்ல வேண்டும், தண்ணீர் போனால் நொறுங்கும். ஒரே கிண்ணத்தில் ஒரே மாவின் இரண்டு முகங்களைச் சாப்பிடுகிறோம்.

கீரைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஊருக்கு வெளியே சில கிலோமீட்டரில் ட்ரா குவே என்ற காய்கறிக் கிராமம் இருக்கிறது. அங்கே நீர்நிலையில் வளரும் பாசியை அள்ளி வந்து மண்ணில் உரமாகப் புதைக்கிறார்கள். புதினா, துளசி வகைகள் எல்லாம் அந்தப் பாத்திகளிலிருந்து வருகின்றன.

அக்கா நம்மை ஒரு சந்துக்குள் கூட்டிப்போய் பா லே கிணற்றைக் காட்டுகிறார். சதுர வடிவம், செங்கல் சுவர். சாம் மக்கள் தோண்டியது என்பார்கள். இந்தக் கிணற்றுத் தண்ணீரில் செய்தால்தான் காவ் லாவ் சரியாக வரும் என்று ஊரில் சொல்கிறார்கள். நம்பலாமா? அறிவியல் படிக்கிறவர்கள் ஊரார் பேச்சைக் கேலி செய்யக் கூடாது; அப்படியே ஏற்கவும் கூடாது. சோதித்துப் பார்க்க வேண்டும். ஒரே அரிசி, ஒரே சாம்பல், ஒரே சமையல்காரர், ஒரே நேரம். தண்ணீர் மட்டும் வேறு: ஒரு பாத்திரத்தில் பா லே கிணற்று நீர், இன்னொன்றில் குழாய் நீர். எது எது என்று சாப்பிடுகிறவர்களுக்குத் தெரியக் கூடாது. பலர் சாப்பிட்டு, வித்தியாசம் கண்டுபிடிக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். தண்ணீரில் கரைந்திருக்கும் சுண்ணாம்பு போன்ற தாதுக்கள் மாவின் தன்மையை மாற்றக்கூடியவைதான். அதனால் ஊரார் சொல்வதில் உண்மை இருக்க வாய்ப்பு உண்டு. ஒரே ஒரு பொருளை மட்டும் மாற்றி, மற்ற எல்லாவற்றையும் மாற்றாமல் வைப்பது: இந்த முறையை மட்டும் மறக்காதீர்கள். எந்த ஆய்வகத்துக்குப் போனாலும் இதுதான் முதல் பாடம்.

அடுத்த கடையில் சின்னக் கொழுக்கட்டைகள். உள்ளே வைத்த இறால் வெளியே தெரிகிறது. பச்சை அரிசி மாவு வெள்ளையாக இருக்கிறது, ஏனென்றால் அதன் துகள்கள் ஒளியை நாலாபக்கமும் சிதறடிக்கின்றன. வேகும்போது துகள்கள் தண்ணீரை உறிஞ்சி ஊதிக் கரைவதால் சிதறல் குறைந்து ஒளி ஊடுருவுகிறது. தொட்டுக்கொள்ள ஒரு சாறு தருகிறார்கள். மூக்கைப் பொத்தாதீர்கள்! அதுதான் நூக் மாம், மீன் சாறு.

மூன்று பங்கு நெத்திலி, ஒரு பங்கு உப்பு. தொட்டியிலோ ஜாடியிலோ அடுக்கி, ஒரு வருடத்துக்கும் மேல் விட்டுவிடுகிறார்கள். ஏன் அழுகவில்லை? அவ்வளவு உப்பு கிருமிகளின் உடலிலிருந்து தண்ணீரை இழுத்துவிடும். பெரும்பாலானவை வளரவே முடியாது. ஆனால் மீனின் குடலில் இருந்த நொதிகளை உப்பு முழுவதுமாக நிறுத்துவதில்லை. அவை மீனின் புரதத்தை மெல்ல மெல்ல அமினோ அமிலங்களாக உடைத்துக்கொண்டே இருக்கும். அவற்றில் ஒன்று குளூட்டமிக் அமிலம். இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்புக்கு அப்பால் ஐந்தாவதாக ஒரு சுவை உண்டு என்றும், அதற்குக் காரணம் குளூட்டமேட் என்றும் 1908இல் கண்டுபிடித்தவர் ஜப்பானிய வேதியியலாளர் கிகுனாயே இகேதா. அவர் கடற்பாசிச் சாற்றை ஆராய்ந்து இதைச் சொன்னார். மீன் சாற்றுப் பாட்டில்களில் 30, 40 என்று ஒரு எண் போட்டிருக்கும். ஒரு லிட்டரில் எத்தனை கிராம் நைட்ரஜன் என்று அர்த்தம். புரதத்தில் நைட்ரஜன் இருப்பதால், எண் கூடினால் மீன் சத்து அதிகம். கடையில் பாட்டிலின் எண்ணைப் படித்தே தரம் சொல்லலாம்.

கடைசிக் கடையில் பான் சேயோ. தோசையைப் போல வட்டமாக ஊற்றுகிறார்கள். ஆனால் மாவைப் புளிக்கவிடுவதில்லை. அரிசி மாவு, தண்ணீர், மஞ்சள் தூள். காய்ந்த எண்ணெயில் ஊற்றியதும் 'ஸ்ஸ்ஸ்' என்று சத்தம். 100 டிகிரியில் தண்ணீர் ஆவியாகும்போது அதன் கன அளவு ஏறக்குறைய 1,700 மடங்கு பெருகுகிறது. மாவுக்குள் ஆயிரக்கணக்கான துளிகள் இப்படி வெடித்து வெளியே வருவதன் ஓசைதான் அது. சமைக்கும் அம்மா தட்டைப் பார்க்காமலே திரும்பி இலைகளை அடுக்குகிறார். சத்தம் குறைந்ததும் கரண்டியை நீட்டுகிறார். தண்ணீர் தீரத் தீரச் சத்தம் அடங்கும், ஓரம் மொறுமொறுக்கும் என்பது அவர் காதுக்குத் தெரியும். தண்ணீர் இருக்கும்வரை மாவின் சூடு 100 டிகிரியைத் தாண்டாது. அது போன பிறகுதான் சூடு ஏறி, ஓரம் சிவந்து, அந்த வாசனை வருகிறது. ஏறக்குறைய 140 டிகிரியில் புரதமும் சர்க்கரையும் சேர்ந்து பல நூறு வாசனைப் பொருள்களை உண்டாக்கும் இந்த வினையை 1912இல் விளக்கியவர் பிரான்ஸைச் சேர்ந்த மையார்.

பான் சேயோவின் மஞ்சள் நிறத்துக்குக் காரணம் மஞ்சளில் இருக்கும் குர்குமின். இந்த மாவில் தவறுதலாகக் காவ் லாவ் சாம்பல் நீரை ஊற்றிவிட்டால் என்ன ஆகும்? சிவந்துவிடும்! குர்குமின் காரப்பொருளைக் கண்டால் சிவக்கும். நம் வீடுகளில் மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்து ஆரத்தி நீர் சிவப்பாவது இதனால்தான்.

இதை நீங்களே செய்து பார்க்கலாம். ஒரு ஸ்பூன் மஞ்சள் தூளைக் கொஞ்சம் தண்ணீரில் குழைத்து, வெள்ளைத் தாளில் பூசிக் காயவையுங்கள். விரல் அகலத் துண்டுகளாக வெட்டுங்கள். எலுமிச்சைச் சாறு, துணி சோப்பு கரைத்த நீர், சமையல் சோடா கரைத்த நீர், மோர், அரிசி கழுவிய நீர் என்று எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றிலும் ஒரு சொட்டு ஒவ்வொரு துண்டில் விடுங்கள். விறகு அடுப்பு உள்ள வீடாயிருந்தால் சாம்பலைக் கரைத்துத் தெளிந்த நீரும் எடுக்கலாம். அது தோலையும் கண்ணையும் எரிக்கும், ஆகவே அப்பா அம்மா ஊற்றித் தரட்டும். சொட்டு விடுவதற்கு முன்பே, எது சிவக்கும், எது சிவக்காது என்று நோட்டில் எழுதிவிடுங்கள். பிறகு எழுதினால் கணக்கில் சேராது. சிவந்த துண்டின் மேல் எலுமிச்சைச் சாறு விட்டு என்ன நடக்கிறது என்றும் பாருங்கள். உங்கள் கணிப்பு எத்தனை சரி, எத்தனை தவறு என்று எங்களுக்குத் தபாலில் எழுதி அனுப்புங்கள். தவறாகப் போனவற்றை மறைக்காமல் எழுதுங்கள், அவற்றைப் பற்றித்தான் அடுத்த இதழில் பேச விரும்புகிறேன்.