பெயரில் இருந்த இரும்பு

பிரெஞ்சு மொழியில் இரும்புக்கு ‘ஃபேர்’ என்று பெயர். ‘ஃபெர்ரும்’ என்ற லத்தீன் சொல் தேய்ந்து தேய்ந்து ஓரசையாக நின்ற சொல் அது. ரயில்வேக்கு அவர்கள் ‘ஷெமேன் த ஃபேர்’ என்பார்கள். ஷெமேன் என்றால் பாதை. ஆக, இரும்புப் பாதை. நாம் ‘இருப்புப்பாதை’ என்று எழுதுகிறோமே, அதே பொருள், அதே கட்டுமானம். ஜெர்மனியர், இத்தாலியர், ஸ்பானியர், துருக்கியர் எல்லோருமே இந்தப் பாதையை இரும்பை வைத்துத்தான் அழைக்கிறார்கள். ஆங்கிலேயரோ ‘ரயில்’ என்றார்கள். அந்த ரயில் என்ற சொல்லும் பழைய பிரெஞ்சிலிருந்து கடல் தாண்டிப் போனதுதான். ஆங்கிலேயர் தண்டவாளத்தின் வடிவத்தைப் பார்த்துப் பெயர் வைத்தார்கள், பிரெஞ்சுக்காரர்கள் அது எதனால் ஆனது என்று பார்த்து வைத்தார்கள்.

அன்று அந்தப் பெயர் எழுத்துக்கு எழுத்து உண்மை. 1823இல் அரசாணை பெற்று, 1827இல் பிரான்சின் முதல் ரயில்பாதை திறந்தது. சேந்த்-எத்தியேன் ஊரின் சுரங்கங்களிலிருந்து லுவார் நதிக்கரையில் உள்ள ஆந்த்ரேசியே வரை நிலக்கரி கொண்டுபோக ஏறத்தாழ 20 கிலோமீட்டர். எஞ்சின் கிடையாது, பயணிகளும் கிடையாது. குதிரைகள்தான் இழுத்தன. அதுவரை மக்கள் பார்த்த இரும்பு எங்கே இருந்தது? கொல்லன் பட்டறையில், கலப்பை முனையில், கதவுத் தாழில், கைதியின் விலங்கில். அத்தனை இரும்பை ஊர்விட்டு ஊருக்குத் தரையில் கிடத்தி வைத்திருப்பதை அவர்கள் முதன்முதலாகக் கண்டார்கள். அதிசயம் வண்டியில் இல்லை, பாதையில் இருந்தது. பெயரும் அதற்கே போனது.

குதிரையின் லாடத்துக்கும் பிரெஞ்சில் ‘ஃபேர்’ என்றுதான் பெயர். மல்லாந்து விழுந்தவனைப் பற்றி ‘நாலு இரும்பும் ஆகாயத்தில்’ என்று இன்றும் சொல்கிறார்கள். குதிரை கவிழ்ந்து நாலு லாடமும் வானம் பார்த்துக் கிடக்கும் காட்சி. காலில் நாலு இரும்போடு, இரண்டு இரும்புகளுக்கு நடுவே நடந்து நிலக்கரி இழுத்த அந்தக் குதிரைகளை நினைத்துப் பார்க்கிறேன். இரும்புப் பாதையின் முதல் தொழிலாளிகள் அவைதான்.

அப்புறம் எல்லாம் வேகமாக நடந்தது. பொறியாளர் மார்க் செகேன் தன் நீராவிக் கொதிகலனோடு வந்தார், லியோன் வரை பாதை நீண்டது. 1837இல் பாரிஸ் மக்கள் சேன்-ஷெர்மேன் பக்கம் ரயிலேறிப் போனார்கள். பெரிய கம்பெனிகள் முளைத்தன: வடக்குக்கு ஒன்று, கிழக்குக்கு ஒன்று, பாரிஸ்–லியோன்–மத்தியதரைக் கடலுக்கு ஒன்று. எல்லாவற்றின் பெயரிலும் ‘ஷெமேன் த ஃபேர்’ முழுசாக இருந்தது. எங்கே போகிறது, எதன் மேல் போகிறது என்று பெயரே சொல்லிவிடும். நேர்மையான பெயர்கள் அவை.

ஆனால் பாதையிலிருந்து இரும்பு சீக்கிரமே போய்விட்டது. தேனிரும்புத் தண்டவாளம் போக்குவரத்து மிகுந்த இடங்களில் தேய்ந்து, பிளந்து, அடிக்கடி மாற்ற வேண்டியதானது. 1856இல் பெஸ்ஸெமர் உருக்கை மலிவாகச் செய்யும் வழியைக் காட்டிய பிறகு, சில பத்தாண்டுகளில் உருக்குத் தண்டவாளம் இடம் பிடித்தது. உருக்குக்கு பிரெஞ்சில் வேறு சொல், ‘அசியே’. ஆனாலும் ‘ஷெமேன் தசியே’ என்று ஒருவரும் சொல்லவில்லை. இன்று லொரேன் பகுதியின் ஹயாஞ்ச் ஆலையில் 108 மீட்டர் நீளத்துக்கு ஒரே துண்டாகத் தண்டவாளம் உருட்டுகிறார்கள். பிரதான பாதைகளில் போடும் தண்டவாளம் மீட்டருக்கு 60 கிலோ எடை. (அந்த ஆலை சில ஆண்டுகள் நம் டாட்டா வசம் இருந்தது.) அந்தத் தண்டவாளத்தில் ஒரு மீட்டர்கூடப் பழைய அர்த்தத்தில் ‘ஃபேர்’ இல்லை. பொருள் மாறியது, பெயர் நின்றது. இதில் எனக்குக் குறையே இல்லை. மொழி அப்படித்தான் வாழும். சலவைப் பெட்டிக்கும் பிரெஞ்சில் ‘ஃபேர்’ என்றே பெயர்; அதன் அடித்தகடு இப்போது செராமிக்கில்கூட வருகிறது. யாரும் பெயரை மாற்றச் சொல்லவில்லை.

எனக்கு வருத்தம் தருவது இரண்டாவது மாற்றம். இப்போது பெயரிலிருந்தே இரும்பை எடுக்கிறார்கள்.

1938 ஜனவரி 1 அன்று கம்பெனிகள் எல்லாம் ஒன்றாகி எஸ்.என்.சி.எஃப். பிறந்தது. விரித்தால் ‘பிரெஞ்சு இரும்புப் பாதைகளின் தேசிய நிறுவனம்’. அந்த நாலு எழுத்தையும் ஒவ்வொன்றாகப் பாருங்கள். சி என்பது பாதைகள். கடைசி எஃப் என்பது பிரெஞ்சு. இரும்புக்கு எழுத்தே இல்லை! முழுப்பெயரில் இருந்த இரும்பு, சுருக்கத்தில் அன்றே விழுந்துவிட்டது. சுவிட்சர்லாந்துக்காரர்கள் அப்படிச் செய்யவில்லை, அவர்களுடைய சி.எஃப்.எஃப். என்பதில் ஓர் எஃப் இரும்புக்கு உரியது. லக்சம்பர்க்கின் சி.எஃப்.எல். பெயரிலும், மொராக்கோவின் ஓ.என்.சி.எஃப். பெயரிலும் இரும்புக்கு இடம் உண்டு.

1981இல் பாரிஸுக்கும் லியோனுக்கும் நடுவே அதிவேக ரயில் ஓடத் தொடங்கியபோது ‘தே-ஷே-வே’ என்று வேகத்தை வைத்துப் பெயரிட்டார்கள். சரி, வேகம்தான் அதன் பெருமை. 2007இல் மணிக்கு 574.8 கிலோமீட்டர் போய்க் காட்டிய வண்டி அது. 1997இல் தண்டவாளங்களைக் கவனிக்கத் தனி அமைப்பு வந்தபோது ‘ரெசோ ஃபெரே த ஃபிரான்ஸ்’ என்று பெயர் வைத்தார்கள். ‘ஃபெரே’ என்றால் இரும்பு வேய்ந்தது. அழகான பெயர். 2015இல் அதையும் எடுத்துவிட்டு ‘எஸ்.என்.சி.எஃப். ரெசோ’ என்றார்கள். 2013இல் மலிவுக் கட்டண ரயிலுக்கு ‘வீகோ’, 2017இல் அதிவேக ரயிலுக்கு ‘இன்வீ’ என்று வந்தன. ‘ஆம்’ என்ற பிரெஞ்சுச் சொல்லை வைத்து விளையாடிய விளம்பரப் பெயர்கள். அவற்றைக் கேட்டால் ரயிலா, செல்போன் கம்பெனியா என்று தெரியாது. இருநூறு ஆண்டுக் கதை சுமந்த சொல்லை ஒதுக்கிவிட்டு இதை வைத்தது தவறு என்பதே என் எண்ணம்.

நல்லவேளை, ஜனங்கள் வாயில் அந்தச் சொல் பத்திரமாக இருக்கிறது. அசைக்க முடியாமல் ஒன்றை நம்புகிறவர் ‘இரும்பு போலக் கெட்டியாக’ நம்புகிறார். நோய்நொடி அண்டாதவருக்கு ‘இரும்பு ஆரோக்கியம்’. நாம் ‘காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்’ என்னும் இடத்தில் அவர்கள் இரும்பைச் சூட்டோடு அடிக்கச் சொல்வார்கள்; நமக்குக் களத்துமேடு, அவர்களுக்குக் கொல்லன் உலை. ரயில்வே தொழிலாளிக்குப் பெயர் ‘ஷெமினோ’, பாதைக்காரர். வேலை தேடி ஊர் ஊராக நடந்து, தண்டவாளம் போடும் இடத்தில் கூலிக்கு நின்ற நாடோடிகளைக் குறித்த சொல் அது. இன்று அதைத் தொழிற்சங்க ஊர்வலத்தில் பெருமையோடு சொல்லிக்கொள்கிறார்கள்.

பத்திரிகை வேலை பார்ப்பவர்களுக்கு இன்னொன்று சொல்ல வேண்டும். பிரெஞ்சுப் பத்திரிகை அலுவலகத்தில், இதழின் எல்லாப் பக்கங்களையும் சின்னச் சின்னக் கட்டங்களாக வரைந்து, எந்தப் பக்கத்தில் கட்டுரை, எதில் விளம்பரம் என்று குறித்துச் சுவரில் ஒட்டிவைப்பார்கள். அந்தத் தாளுக்குப் பெயரும் ‘ஷெமேன் த ஃபேர்’. இரண்டிரண்டு கட்டமாக வரிசையில் நிற்கும் பக்கங்களைப் பார்த்தால் கோத்து நிற்கும் ரயில் பெட்டிகளேதான்.

கடைசியாக, உலகமெல்லாம் புழங்கும் ஒரு சொல். பாரிஸின் சுரங்க ரயில் 1900 ஜூலை 19 அன்று ஓடத் தொடங்கியது. அதை நடத்திய நிறுவனத்தின் பெயர் ‘பாரிஸ் பெருநகர இரும்புப் பாதைக் கம்பெனி’. ‘பெருநகர’ என்பதற்கு பிரெஞ்சில் ‘மெத்ரோபொலித்தேன்’. மக்கள் ‘இரும்புப் பாதை’யை விட்டுவிட்டு அடைமொழியை மட்டும் வைத்துக்கொண்டார்கள், அதையும் நறுக்கி ‘மெத்ரோ’ என்றார்கள். சென்னையில் நாம் ‘மெட்ரோ’ என்று சொல்வதும் அந்த நறுக்கிய துண்டைத்தான்.

பாரிஸ் போகும் வாய்ப்பு உங்களுக்குக் கிடைத்தால், எக்தோர் கிமார் வடிவமைத்த பழைய மெட்ரோ வாசல் ஒன்றின் முன் நில்லுங்கள். பச்சை வண்ணத்தில் செடித்தண்டு போல இரண்டு கம்பங்கள் வளைந்து மேலே எழும்; நுனியில் மொட்டு போலச் செம்மஞ்சள் விளக்குகள்; நடுவே ‘மெத்ரோபொலித்தேன்’ என்று ஒரே ஒரு சொல். எதன் அடைமொழி அது என்று பலகையில் இல்லை. அந்தப் பச்சைத் தண்டைக் கையால் தொட்டுப் பாருங்கள். வார்ப்பிரும்பு.