விலா எலும்புக்குக் கட்டு வேண்டாம்

கபடியில் ஒருவர் மேல் நால்வர் விழுந்து அமுக்கும்போது விலா எலும்பு முறிவது புதிதல்ல. மும்பைத் தமிழருக்கு உடனே புத்தூர் கட்டுதான் ஞாபகம் வரும். கை, கால் முறிவுக்கு அந்த ஆந்திர ஊரின் கட்டு பேர்போனது. மார்பைச் சுற்றி இறுக்கிக் கட்டுவது வேறு விஷயம். கட்டினால் வலி குறையும், மூச்சும் குறையும். நுரையீரல் சரியாக விரியாமல் சளி தங்கி நிமோனியா வரக்கூடும். முன்பு டாக்டர்களே பிளாஸ்திரி ஒட்டினார்கள், இப்போது விட்டுவிட்டார்கள்.

வலி மாத்திரையைத் தவறாமல் சாப்பிட்டு, மணிக்கொரு தரம் பத்து முறை ஆழ மூச்சிழுக்க வேண்டும். இருமும்போது தலையணையை விலாவோடு அணைத்துக்கொள்ளலாம். எலும்பு கூட சுமார் 6 வாரம் ஆகும். மூன்றாம் வாரமே, கூலி போகிறதே என்று மூட்டை தூக்கப் போகிறவர்கள்தான் மறுபடி படுக்கிறார்கள். குமாஸ்தா முன்னதாகவே நாற்காலியில் உட்காரலாம். லோக்கல் ரயில் நெரிசல்தான் அவருக்குச் சத்துரு. மூச்சு முட்டினாலோ, இருமலில் ரத்தம் வந்தாலோ, அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.