கடைக் கம்ப்யூட்டர் கிளம்பவில்லையா?

பாகங்களைத் தனித்தனியாக வாங்கிப் பூட்டிய அசெம்பிள்டு கம்ப்யூட்டர்தான் என் கடையில் இருக்கிறது. ஆயுத பூஜைக்கு முந்தைய நாள் சுவிட்சைப் போட்டால் விசிறி சுழன்றது. திரையில் ஒன்றும் வரவில்லை. பாக்கிக் கணக்கு முழுவதும் அதற்குள்! வந்த மெக்கானிக், மதர்போர்டு போய்விட்டது என்றார்.

மனம் கேட்கவில்லை. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ராம் அட்டையைக் கழற்றி, அதன் பொன்னிறப் பற்களைப் பென்சில் ரப்பரால் மெல்லத் தேய்த்து, 'டக்'கென்று பூட்டும்வரை அழுத்தினேன். கம்ப்யூட்டர் கிளம்பிவிட்டது. மிளகாய்த் தூளும் மாவும் பறக்கும் கடையில் வேறென்ன எதிர்பார்ப்பது?

அதற்கும் அசையாவிட்டால், பிராசசருக்குப் போகும் 4 அல்லது 8 முனை மின்கம்பி சரியாகச் செருகியிருக்கிறதா என்று பாருங்கள். தேதி பின்னால் போயிருந்தால் போர்டிலுள்ள சிஆர்2032 என்ற 3 வோல்ட் செல்லை மாற்றுங்கள். பில்லில் தவறான தேதி விழுந்தால் ஜி.எஸ்.டி. கணக்கில் தலைவலி. பவர் சப்ளைப் பெட்டியை மட்டும் திறக்க வேண்டாம். பிளக்கை எடுத்த பிறகும் உள்ளே மின்சாரம் தேங்கியிருக்கும்.

யாராவது 'ஃபார்மட்' செய்யலாம் என்றால், முதலில் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் மாட்டிக் கணக்கைப் பிரதி எடுக்கச் சொல்லுங்கள்.